கார்டில் ஏறாத வரி

பன்னிரண்டு மணிக்குப் பெட்டியை நிறுத்தித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டு, பாட்டரி மாற்ற வந்த மீரான் டீ குடிக்கப் போய்ப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது, ஜெசிந்தா நாற்காலியை விட்டு எழுந்த பாடில்லை. எழுந்துதான் என்ன, அறையே எட்டடிக்கு எட்டடி, எழுந்தால் சுவர், திரும்பினால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கடல். மீன்பிடித் துறையின் கல்சுவர் கடலுக்குள் போய் முடிகிற இடத்தில் இந்த அறையைக் கட்டி, கடல்மட்டம் அளக்கும் நிலையம் என்று பெரிதாகப் போர்டும் மாட்டியிருக்கிறார்கள். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, கடல் ஆபீஸ் என்றால் போதும், ஐஸ் வண்டிக்காரன்கூட வழி சொல்லிவிடுவான். தரைக்கு அடியில் ஒரு குழாய்க்குள் கடல் ஏறுகிறது, இறங்குகிறது. மேலே இருக்கும் கருவி அதை அளக்கிறது. அளந்ததைச் சுவரில் மாட்டிய டிபன் டப்பா அளவுப் பெட்டி பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறது. இந்தப் பெட்டி நன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் ஜெசிந்தாவுக்குப் பதினோரு வருஷமாக உத்தியோகம். ஆனி மாதத்துக் கச்சான் காற்று ஜன்னல் கம்பியில் உப்பைக் கொண்டுவந்து அப்பிக்கொண்டிருந்தது. பழைய பாட்டரிகள் நாலும் வயிறு உப்பிப் போய்க் கிடந்தன, புதுசு நாலையும் மீரான் வாசலில் இறக்கி வைத்திருந்தார். ஒரு மணி நேர வேலை மேடம், பெட்டியை நீங்களே நிறுத்தித் தந்துருங்க, நான் வயரைப் பிடுங்கி வம்பு வந்துரப்படாது பாருங்க, என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நல்ல மனுஷன். அவர் பாட்டுக்கு வயரைப் பிடுங்கியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தாள், நினைத்ததும் தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. மணி பதினொன்று பத்து.

பெட்டியை நிறுத்தினால் அதில் இருப்பதெல்லாம் போய்விடும். அது கோளாறு அல்ல, அப்படித்தான் அதை அமைத்திருக்கிறார்கள், அமைத்ததே ஜெசிந்தாதான். முன்னாளில் எல்லாப் பெட்டியையும் போல இதுவும் மெமரி கார்டில் எழுதிக் கார்டிலிருந்து படித்துக்கொண்டிருந்தது. உப்புக் காற்றும் திடீர் திடீரென்று போய் வருகிற கரண்டும் சேர்ந்து ஒரே வருஷத்தில் மூன்று கார்டுகளைத் தின்றன, எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்டு போனால் கார்டு அத்தோடு பைத்தியம் பிடித்தது மாதிரி ஆகிவிடும், அப்புறம் அதனிடம் நல்லது கெட்டது எதுவும் கேட்க முடியாது. அப்போதுதான் அவள் யோசனை சொன்னாள். கார்டைப் படிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம், பெட்டி எழும்போது கார்டில் உள்ளதை ஒருமுறை தற்காலிக நினைவில் ஏற்றிக்கொள்ளட்டும், வேர் தொட்டு இலை வரை மொத்தக் கோப்பும் அந்த நினைவிலேயே கிடக்கட்டும், எழுதுவதை அங்கேயே எழுதட்டும், கரண்டு போனால் எல்லாம் போகட்டும், மறுபடி எழும்போது முதல்நாள் பிறந்ததுபோல எழட்டும். தலைமை அலுவலகத்தில் முதலில் சிரித்தார்கள், பிறகு பதினாலு நிலையத்துக்கும் அதையே செய்தார்கள். அதோடு ஜெசிந்தா விட்டாளா என்றால் இல்லை. எவனாவது வீட்டிலிருந்துகொண்டே கார்டில் எதையாவது எழுதிக் கெடுத்துவிடக் கூடாது என்று பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சாவி வைக்கச் சொன்னாள். கார்டில் எழுத வேண்டுமா, ஆள் நேரில் வா, சாவியைத் திருப்பு, எழுது, மறுபடி பூட்டு. நினைவில் செய்த மாற்றத்தை அன்றைக்கே வந்து கார்டில் ஏற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை பெட்டி நின்று எழும்போது மாற்றம் காணாமல் போகும். இந்த விதியையும் அவள்தான் எழுதி, பெரிய எழுத்தில் அச்சடித்து, பெட்டிக்கு மேலே ஒட்டினாள். எட்டு மாசமாக அந்தக் காகிதத்தை நிமிர்ந்து பார்க்காமலே அவள் இந்த அறைக்குள் நடமாடக் கற்றிருந்தாள். ஏனென்றால் எட்டு மாசமாகப் பெட்டி நிற்கவே இல்லை, எட்டு மாசமாகக் கார்டில் ஏறாத ஒரு வரி நினைவில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த வரியை எழுதிய இசக்கிராஜன் உயிரோடு இல்லை.

தினமும் காலையில் வந்ததும் பெட்டிக்குள் யார் யார் நுழைந்திருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் பார்ப்பது வழக்கம். முதல் வரியில் அவள் பெயர் இருக்கும். இரண்டாம் வரியில் இசக்கி. வீட்டிலிருந்து நுழைந்தவன் தொடர்பை விட்டுப் போனாலும் அவன் வேலை செய்துகொண்டிருந்த திரை அப்படியே காத்திருக்கும், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதுவும் அவள் செய்து வைத்த வசதிதான், அவள் செய்து வைக்காத வசதி என்று அந்த அறையில் ஒன்றும் கிடையாது. அதனால் இசக்கியின் திரை காத்திருந்தது. கடைசியாகத் தொட்டது எப்போது என்று பக்கத்தில் ஒரு எண் வரும், முதலில் மணிக்கணக்கில் வந்தது, பிறகு நாள்கணக்கில், இன்று காலை இருநூற்று நாற்பத்திரண்டு நாள் என்று வந்தது. ஆளுக்குத் திவசமே வரப்போகிறது, பட்டியலில் இன்னும் வேலையில் இருக்கிறான். இந்த ஆபீஸுக்கு அவர்கள் இருவர்தான் ஆள், ஒரே நேரத்தில் அறையில் இருப்பது அபூர்வம், அவன் காலை என்றால் அவள் மதியம், அதனால் பெட்டிக்குள்ளேயே ஒருவருக்கொருவர் குறிப்பு எழுதி வைப்பார்கள், அடுத்தவர் நுழைந்ததும் முதல் வேலையாக அது கண்ணில் படும். அக்கா, குழாயில் நண்டு ஏறியிருக்கு, கடல்மட்டம் கூடினா பயந்துராதீங்க. இசக்கி, கழுவின டம்ளரைக் கவிழ்த்து வைக்க உனக்கு யாரும் சொல்லித் தரலையா. அக்கா, டம்ளர் தானே, கவுத்தா என்ன நிமித்தா என்ன. இப்படியே. பெட்டி ஒருதரம் நின்று எழுந்தால் அத்தனையும் போய்விடும், போனால் போகட்டும் என்றுதான் எழுதினார்கள், கார்டில் ஏற்றிப் பாதுகாக்கிற சங்கதியா அது. இப்போது அந்தத் திரையில் அவன் என்ன எழுதி விட்டுப் போனான் என்று அவளுக்குத் தெரியாது. திறந்து பார்க்க அவளுக்கு அதிகாரம் இருக்கிறது, ஒரு கட்டளை தட்டினால் போதும். இருநூற்று நாற்பத்திரண்டு நாளாக அந்த ஒரு கட்டளையைத் தட்ட அவளுக்குக் கை வரவில்லை.

கோளாறு ரொம்பச் சின்னது. புதிதாக வந்த கார்டில் நம் ஊர் நேரம் என்று சொல்கிற ஒரு வரி விட்டுப் போயிருந்தது, அதனால் பெட்டி ஐந்தரை மணி நேரம் பின்னால் இருந்துகொண்டு, சாயங்காலக் கடலைக் காலைக் கடல் என்று அனுப்பியது. இசக்கிதான் கண்டுபிடித்தான். நினைவில் அந்த வரியைச் சேர்த்தான், சரியாகிவிட்டது, கார்டில் ஏற்றவில்லை. நாளைக்கு ஏத்துறேன் என்றான், மறந்துவிட்டான். ஒரு வாரம் கழித்து ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, அவன் காலை வேலை முடித்து வீட்டுக்குப் போன பிறகு, மூன்று மணிக்கு இடி இறங்கிப் பெட்டி நின்று தானே எழுந்தது. பழையபடி ஐந்தரை மணி நேரம் பின்னால். ஜெசிந்தா அன்றைக்கு லீவு, மகள் ரோஸ்லினுக்கு நூற்று மூன்று காய்ச்சல், பிள்ளையின் உள்ளங்கால் கொதிக்கிறது, நெற்றியில் ஈரத்துணி போட்டால் போட்டதும் சூடாகிவிடுகிறது, அந்த நேரம் பார்த்து நாலரைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து போன். என்னம்மா உங்க ஊர்க் கடல் மட்டும் காலைலயே நிக்குது என்று கிண்டல் வேறு. புயல் சின்னம் உருவாகியிருக்கிற நேரம், கணக்குத் தப்பினால் யார் பதில் சொல்வது. அவளுக்கு அவமானமாகிவிட்டது. போனை வைத்ததும் இசக்கிக்கு அடித்தாள். என்ன சொன்னாள் என்பது அவளுக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது, மறக்க வேண்டியது மறப்பதில்லை, பெட்டிக்கு அமைத்துக் கொடுத்த வசதியைத் தனக்கு அமைத்துக்கொள்ளத் தெரியவில்லை அவளுக்கு. பொறுப்பிருந்தா அன்னைக்கே கார்டுல ஏத்தியிருப்ப. உன்னை நம்பி ஒரு நாள் லீவு போட முடியலை. எம் புள்ளையைத் தூக்கிக்கிட்டு நான் வரணுமா இப்ப, சொல்லு, வரட்டுமா. சரிக்கா, பாக்குறேன், என்றான். ஐந்து மணி ஐந்துக்கு நேரம் சரியாகிவிட்டது, வீட்டிலிருந்தே சரி செய்துவிட்டான். ஐந்து பன்னிரண்டுக்கு அவனிடமிருந்து போன் வந்தது. அவள் துணி பிழிந்துகொண்டிருந்தாள், திரையில் பெயரைப் பார்த்தாள், எடுக்கவில்லை. கை ஈரம் என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், ஆனால் கை ஈரம் காரணமில்லை, இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று இருந்தது. ஆறு மணிக்கு முன்பாக உப்பளத்து வளைவில் அவன் பைக் சறுக்கி லாரிக்கு அடியில் போய்விட்டது.

அந்த வளைவுதான் எல்லாவற்றுக்கும் காரணம், வளைவைத் தாண்டி அரைக் கிலோமீட்டரில் சாலை இரண்டாகப் பிரிகிறது, இடது பக்கம் போனால் கடல் ஆபீஸ், வலது பக்கம் ஒயின்ஷாப். பிரிகிற இடத்துக்கு முன்னாலேயே விழுந்தவன் எந்தப் பக்கம் போக இருந்தான் என்று யாரிடம் கேட்பது. ஊர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, அதுவே சொல்லிவிட்டது. இசக்கி முன்பு குடிப்பான், கல்யாணத்துக்கு முன்பும் பின்பும், பிள்ளை பிறந்ததும் மனைவி பேச்சி அவன் கையைப் பிள்ளை தலையில் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள், விட்டு ஒன்பது மாசம் ஆகியிருந்தது. அன்றைக்குப் பேச்சி பிள்ளையோடு தாய்வீட்டில் இருந்தாள். பொஞ்சாதி வீட்டில் இல்லை, சாயங்காலம், அந்த ரோடு, வேறெங்கே போவான் என்று ஊர் முடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சாராய வாடை இல்லை என்றார்களே என்று யாரோ சொன்னதற்கு, போகிற வழியில் விழுந்தவன் வாயில் வாடை எப்படி இருக்கும் என்று அதற்கும் பதில் வைத்திருந்தார்கள். அவன் அம்மாவே நம்பினாள். பிள்ளையின் தலையில் அடித்த சத்தியத்தை மீறிப் போனான், அதான் சாமி கேட்டுருச்சு என்று அவளே சொல்லி அழுதாள். பதினாறாம் நாள் பேச்சி ஜெசிந்தாவைத் தனியே கூப்பிட்டு, அடுக்களை வாசலில் நிற்க வைத்து, அக்கா, அவிய ஆபீஸ் சோலியா வந்தாகளாக்கா, என்று கேட்டாள். ஜெசிந்தா ஒரு உண்மையைச் சொன்னாள். தெரியலை பேச்சி, பெட்டியை வீட்டுல இருந்தே சரி பண்ணிட்டான், என்றாள். அவ்வளவுதான். ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. பேச்சியின் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கியதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வீட்டிலிருந்தே சரி செய்துவிட்டான் என்றால் ஆபீஸுக்கு வர அவனுக்கு என்ன வேலை. கார்டில் ஏற்ற நேரில் வந்தாக வேண்டும் என்கிற சங்கதி அந்த ஊரில் ஒருத்திக்குத்தான் தெரியும், அந்த ஒருத்தி வாயை மூடிக்கொண்டு பாயசம் குடித்துவிட்டு வந்தாள். ஆனால் அவன் என்றைக்குக் கார்டில் ஏற்றினான், போன வாரம் ஏற்றினானா, அதற்கு முந்தின மாசம் ஏற்றினானா, விதியை மதிக்காதவன் அன்றைக்கு மட்டும் மழையில் கிளம்பி வந்திருப்பானா. வந்திருக்க மாட்டான். கடைக்குப் போயிருப்பான், இல்லை மீன் வாங்கப் போயிருப்பான், இல்லை சிநேகிதனைப் பார்க்கப் போயிருப்பான். இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி முதலுக்கு வரும், எட்டு மாசமாக அவளுக்குத் தூக்கம் வராமல் அடித்தது இந்தச் சுற்றுதான்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு வள்ளம் நகராமல் நகர்ந்துகொண்டிருந்தது. வெயில் தண்ணீர் மேல் விழுந்து உடைந்து அறையின் கூரையில் நெளிந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கண் செருகியது, தூக்கமில்லை, தூக்கத்துக்கு இந்தப் பக்கம். பெட்டியின் பழைய தப்புக் கணக்கு இப்போது ஓடினால் என்ன ஆகும் என்று நினைத்தாள். அந்தக் கணக்கில் அன்றைய சாயங்காலம் நாலரை மணியைப் பெட்டி காலை பதினொன்று என்று அல்லவா எழுதியது. இப்போது சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது, அப்படியென்றால் அங்கே மணி நாலு ஐம்பது, ஏசி முடித்துப் பத்து நிமிஷம்தான் ஆகிறது, இசக்கி வீட்டுக் கூடத்தில் லுங்கியோடு உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறக்கிறான். கடலுக்கு அது தெரியாது, கடல் பாட்டுக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. ரோஸ்லினின் உள்ளங்கால் கொதிக்கிறது. ஈரத்துணி சூடாகிறது. உப்பளத்து வளைவில் ஒன்றுமில்லை, வெறும் ரோடு, ஓரத்தில் உப்பு மூட்டை, ஒரு கொக்கு. பதினொன்று முப்பத்தைந்துக்கு நேரம் சரியாகும். நாற்பத்திரண்டுக்குப் போன் வரும், இந்தத் தடவை எடுத்துவிடலாம், ஈரக்கையோடு எடுத்தால்தான் என்ன, என்ன இசக்கி என்று கேட்டுவிடலாம், விடு, நாளைக்குப் பார்த்துக்கலாம், மழையில வராத, டம்ளரைக்கூட நிமித்தியே வச்சுக்கோ, என்று சொல்லிவிடலாம். அவள் வாய் தானாக அசைந்தது. கடல் ஆபீஸில் ஒருத்தி தனியாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள் என்று எவனாவது பார்த்தால் ஊருக்கு இன்னொரு கதை கிடைக்கும். கூரையில் வெயில் நெளிந்தது. பன்னிரண்டு மணி என்பது அங்கே ஐந்தரை, ஐந்தரைக்கு அவன் பைக்கை உதைத்திருக்க வேண்டும். சரியாக அந்த நேரத்துக்குத்தான் மீரான் பெட்டியை நிறுத்தித் தரச் சொல்லியிருக்கிறார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வேலையைப் பார்ப்போம் என்று விசைப்பலகையை இழுத்தாள். வேலை என்றால் இரண்டு நிமிஷ வேலை, அதுதான் கொடுமை. கார்டில் இருப்பதையும் நினைவில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த வரி புதுசு என்று தெரிந்துவிடும், அதை எடுத்துக் கார்டில் ஏற்றிவிட்டால் தீர்ந்தது, இசக்கியின் திரையைத் திறக்க வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது. பார்த்தாள். ஒரே ஒரு வரி, நம் ஊர் நேரம் என்று சொல்கிற வரி. இத்தனை நாளும் இதை ஏற்றாமல் வைத்திருந்ததற்கு அவள் எத்தனை சாக்கு வைத்திருந்தாள், மழைக்காலம் முடியட்டும், தணிக்கை முடியட்டும், சாவி இறுகிக் கிடக்கிறது, எண்ணெய் விட வேண்டும். உண்மை என்னவென்றால், ஏற்றிவிட்டால் பிறகு பெட்டியை நிறுத்தாமல் வைத்திருக்க அவளிடம் காரணம் இருக்காது. ஏற்றாத வரைக்கும் நிறுத்த முடியாது, நிறுத்தாத வரைக்கும் பட்டியலில் இரண்டாவது பெயர் இருக்கும். விதி போட்டவளே எட்டு மாசமாக விதியை மீறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இசக்கி ஒரு வாரம் மறந்ததற்கு அந்தக் கத்துக் கத்தியவள். இப்போது ஏற்றிவிட்டுப் பெட்டியை நிறுத்தினால், திரை போய்விடும், திரையில் இருப்பது போய்விடும், அவன் எந்தப் பக்கம் போக இருந்தான் என்று உலகத்தில் யாருக்கும் எந்தக் காலத்திலும் தெரியாது. யாரும் குற்றம் சொல்ல முடியாது, பாட்டரி மாற்றினார்கள், பெட்டி நின்றது, பெட்டியின் சுபாவம் அது. அவள் எதையும் அழிக்கவில்லை, அழிக்க வேண்டியதுகூட இல்லை, சும்மா இருந்தால் போதும். இவ்வளவு சுத்தமாக ஒரு பாவத்தைச் செய்ய இத்தனை வருஷத்துக்கு முன்பே ஏற்பாடு பண்ணி வைத்திருந்திருக்கிறோமே என்று நினைத்தபோது அவளுக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தின் மேலேயே வெறுப்பு வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலுக்கு எதிரே பேச்சியைப் பார்த்திருந்தாள், இடுப்பில் பிள்ளை, கையில் மண்ணெண்ணெய்க் கேன். கடைக்காரன் யாரிடமோ இசக்கி பொண்டாட்டி என்று சொல்லிவிட்டுக் கட்டை விரலை வாய்க்கு நேராகச் சாய்த்துக் காட்டினான், பேச்சி அதைப் பார்த்தாள், பார்க்காததுபோலக் கேனை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். அவள் கேனை மாற்றிப் பிடித்த விதம் ஜெசிந்தாவை இரண்டு நாளாக விடவில்லை. மணி பதினொன்று நாற்பது. கார்டை அப்படியே விட்டுவிட்டு அந்தக் கட்டளையைத் தட்டினாள், தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள், ஞானஸ்நானத்துக்குத் தூக்கிய பிள்ளை மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள், பிறகு திறந்தாள்.

கறுப்புத் திரையில் ஏழெட்டு வரி. அவன் எப்போதும்போல ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருந்தான், அவளுக்கு வைக்கிற குறிப்பு, சேமிக்காமல் பாதியில் நின்றிருந்தது. அக்கா, டைம் சரி பண்ணிட்டேன், ஹெட் ஆபீஸ்லயும் கேட்டுட்டேன், சரியா வருதாம். போன் அடிச்சேன், நீங்க எடுக்கலை, அதான் இதுல எழுதுதேன். கார்டுல ஏத்தத்தான் பாக்கி. பாப்பாவை விட்டுட்டு நீங்க கிளம்பி வந்துராதீங்க. நானே போய் ஏத்திட்டு வந்துருதேன், மழைக்கு முன்ன போயிட்டு வந்துரலாம். போன வாரம் ஏத்தாம விட்டது என் தப்புதான். நீங்க ஏசினதுல எனக்கு. அங்கே நின்றுவிட்டது. எனக்கு என்கிற சொல்லுக்குப் பக்கத்தில் சின்னக் கட்டம் மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது, இருநூற்று நாற்பத்திரண்டு நாளாக மின்னிக்கொண்டிருந்திருக்கிறது, இரவிலும், அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோதும், கிறிஸ்துமஸுக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் நட்சத்திரம் மாட்டியபோதும். எனக்கு ஒன்றும் இல்லை என்று எழுத வந்தானா, எனக்கு ரொம்ப வருத்தம் என்று எழுத வந்தானா. வானம் இருட்டியிருக்கும், சரி போயிட்டு வந்து முடிப்போம் என்று எழுந்திருப்பான். அவள் வாக்கியத்தை முடித்துப் பார்த்தாள், ஒன்றும் இல்லை அக்கா என்று முடித்தால் மனசு கேட்கவில்லை, வருத்தம் என்று முடித்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, பத்து விதமாக முடித்துப் பார்த்தாள், எதுவும் அவன் குரலில் வரவில்லை. இனி வரப்போவதும் இல்லை. ஆனால் மீதி இருக்கிறது, மீதியில் எந்தச் சந்தேகமும் இல்லை. இடது பக்கம்தான் வந்துகொண்டிருந்தான். அவள் ஏசியதற்காக வந்துகொண்டிருந்தான், அவள் வைத்த சாவியைத் திருப்ப வந்துகொண்டிருந்தான், அவள் பிள்ளையை விட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிடக் கூடாதே என்று அவளுக்குப் பதிலாக வந்துகொண்டிருந்தான். ஜெசிந்தா அழுதாள். சத்தமாகவே அழுதாள், அலைக்குப் பக்கத்தில் வேலை செய்வதில் அந்த ஒரு சௌகரியம் உண்டு.

மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து சாவியைத் திருப்பினாள், இறுகவும் இல்லை, எண்ணெயும் கேட்கவில்லை, வெண்ணெய்போலத் திரும்பியது. வரியைக் கார்டில் ஏற்றினாள். மாற்றத்துக்குப் பக்கத்தில் யார் செய்தது, என்றைக்குச் செய்தது என்று எழுத வேண்டும், அதுவும் அவள் போட்ட விதி. இசக்கிராஜன் என்று எழுதி, ஐப்பசி வியாழக்கிழமையின் தேதியையும் ஐந்து மணி ஐந்து நிமிஷத்தையும் எழுதினாள். ஏற்றியவர் என்கிற இடத்தில் தன் பெயரையும் இன்றைய தேதியையும் எழுதினாள், இடையில் உள்ள எட்டு மாசத்தை இனி யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். பிறகு அவன் குறிப்பை, ஒரு எழுத்தையும் கூட்டாமல் குறைக்காமல், எனக்கு என்று நின்றது நின்றபடி, அதையும் கார்டில் ஏற்றினாள். தேவையில்லாததைக் கார்டில் ஏற்றக் கூடாது என்பது அவளுடைய இன்னொரு விதி. ஏற்றியாயிற்று, சாவியைப் பூட்டியாயிற்று. மணி பன்னிரண்டாக ஏழு நிமிஷம் இருந்தது. நாளைக்குப் பேச்சி வீட்டுக்கே நேரில் போய்ச் சொல்லலாமே என்று மனசு மெதுவாக ஒரு சாக்கை நீட்டியது. நாளைக்கு ஏத்துறேன் என்றவனை என்ன பாடு படுத்தினோம் என்று நினைத்தாள், போனை எடுத்துப் பெயரைத் தேடினாள்.

"சொல்லுங்கக்கா, நல்லாருக்கீகளா? ரோஸ்லின் நல்லாருக்காளா?"

"பேச்சி, நான் ஒண்ணு சொல்லுதேன், குறுக்க பேசாத, பேசினா என்னால சொல்ல முடியாது. இசக்கி அன்னைக்கு ஆபீஸுக்குத்தான் வந்துக்கிட்டிருந்தான். நான் போன்ல கண்டபடி ஏசினேன். வீட்டுல இருந்து சரி பண்ணினதை நேர்ல வந்து கார்டுல ஏத்தணும், அதுக்குத்தான் கிளம்பியிருக்கான். கிளம்பு முன்னால எனக்கு எழுதி வச்சிருக்கான். எட்டு மாசமா நான் அதைத் திறக்கவே இல்ல. பயந்துக்கிட்டு திறக்கல. இப்பத்தான் படிச்சேன்."

அந்தப் பக்கம் பிள்ளை எதையோ தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது. ஜெசிந்தா காத்திருந்தாள். என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், நாசமாப் போவ என்று சொல்லட்டும், எம் புருஷனைக் கொன்னுட்டியே என்று சொல்லட்டும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அவிய குடிக்கப் போகலியாக்கா?" என்றாள் பேச்சி.

"இல்ல பேச்சி. போகல."

"எழுதியிருக்காகளா? அவிய கையால?"

"அவன் எழுதினதுதான். உனக்கு அச்சடிச்சுக் கொண்டு வாறேன். இன்னைக்கே வாறேன்."

அந்தப் பக்கமிருந்து மூச்சு மட்டும் வந்தது, உள்ளே போவதும் வெளியே வருவதுமாக, அழுகிற மாதிரியும் இருந்தது, ஓடி நின்றவளுடைய மூச்சு மாதிரியும் இருந்தது. வாசலில் மீரான் வந்து நின்றார், நேரமாயிட்டு மேடம் என்று கையைக் காட்டினார். ஜெசிந்தா தலையசைத்து, பெட்டியை நிறுத்தும் கட்டளையைத் தட்டினாள். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன, பச்சை கடைசியாகப் போனது.

"அக்கா," என்றாள் பேச்சி, குரல் உடைந்திருந்தது. "எங்க அத்தை இங்கதான் இருக்காக. நான் சொன்னா நம்ப மாட்டாக. நீங்களே ஒருக்கா சொல்லுதீகளா?"

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. யாரு, யாருங்கேன், என்று இசக்கியின் அம்மா கேட்டாள். ஜெசிந்தா முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.